வாய்பாடு இல்லையேல் சார்பு இல்லையா?

“வாய்பாடு எங்கே?” என்று கேட்டோம் நாம், அதட்டும் குரலில்.

“வாய்பாடு இல்லை, ஐயா” என்றாள் மாணவி, அடங்கிய குரலில்.

“வாய்பாடு இல்லையேல் சார்பு இல்லை, உட்கார்!” — தீர்ப்பு வழங்கிவிட்டோம். மேல்முறையீடு செய்ய வகுப்பறையில் வேறு மன்றம் ஏது? உட்கார்ந்தாள் அவள். ஆனால், அவள் எழுப்பிய கேள்வி மட்டும் உட்கார மறுத்தது. மணியடித்த பின்னும் நின்றது. மாலையில் வீடு வரை நம்முடன் நடந்து வந்தது.

நாம் வரலாறு கற்பிப்பவர். கலைக்கல்லூரியில் பயின்றதும் அதுவே. கணித ஆசிரியர் விடுப்பில் சென்றதால், பத்தாம் வகுப்பின் கணிதப் பாடவேளை அன்று நம் பொறுப்பில் வந்தது. ‘உறவுகளும் சார்புகளும்’ என்ற இயல். “எக்ஸ் என்ற எண்ணை எடு, இரண்டால் பெருக்கு, மூன்றைக் கூட்டு, ஒய் கிடைக்கும். இதுதான் சார்பு” என்று கரும்பலகையில் எழுதிக் காட்டி, கடமை முடிந்ததென்று கைக்குட்டையால் முகம் துடைத்தோம். அப்போதுதான் எழுந்தாள் அவள்.

“ஐயா, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பாத்திரம் வைத்து, நாள்தோறும் பெய்த மழையை அளந்து எழுதி வருகிறேன். எந்த நாளைக் கேட்டாலும், அன்று பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்று என் குறிப்பேடு சொல்லும். அது சார்பாகுமா?”

ஆகாது என்றோம். வானம் வாய்பாடு பார்த்தா பொழிகிறது? வாய்பாடற்ற ஒன்று எப்படிக் கணிதமாகும்? — இப்படி நினைத்தோம், இருக்கையில் அமர்த்தினோம்.

இரவு, பாடநூலைத் திறந்து வரையறையை மெல்லப் படித்தோம். ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பும், மற்றொரு கணத்தின் ஒரே ஓர் உறுப்போடு தொடர்பு கொண்டிருக்குமானால், அந்த உறவு சார்பு எனப்படும் — இதுதான் அங்கே சொல்லப்பட்டிருந்த கருத்து. மீண்டும் படித்தோம். ‘வாய்பாடு’ என்ற சொல்லைத் தேடினோம். இல்லை! ‘பெருக்கு, கூட்டு’ என்ற கட்டளையைத் தேடினோம். இல்லவே இல்லை! நாளுக்கு ஓர் அளவு என்று எழுதி வைத்த அந்தச் சிறுமியின் குறிப்பேடு, வரையறையின் முன் தலைநிமிர்ந்து நின்றது. தலைகுனிய வேண்டியவர்கள் நாமே.

பிழை நம்முடையதுதான். ஆனால், அது நம்மிடம் பிறந்த பிழையன்று. ஐரோப்பியக் கணித மேதைகளின் அவையிலேயே, ஏறத்தாழ நூறாண்டுக் காலம், அரியணையில் அமர்ந்திருந்த கருத்து அது. அதை இறக்கியது எது? யார் யார் கேட்டனர், யார் யார் மறுத்தனர்? வரலாறு கற்றவர்க்கு இதைவிட இனிய வேலை வேறென்ன! தேடினோம். கண்டதைச் சொல்கிறோம்.

பொருள் முன்னே, பெயர் பின்னே

சார்பு என்ற பொருள் மிகப் பழையது, பெயர்தான் புதியது. ஏறத்தாழ 3,800 ஆண்டுகட்கு முன்பு, பாபிலோனிய எழுத்தர்கள் ஈரக் களிமண் பலகையில் எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் தலைகீழிகளையும் வரிசைப்படுத்தி எழுதினர். எண்ணைச் சொன்னால் வர்க்கத்தைக் காட்டும் பலகை! கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, அரைப் பாகைக்கு ஒன்றாக, வட்டத்து நாண்களின் நீளங்களை அட்டவணையாக்கினார். 499-இல் ஆரியபட்டர், கால்வட்டத்தை இருபத்து நான்காகப் பகுத்துச் சைன் வேறுபாடுகளைச் செய்யுளில் தந்தார். விண்மீனை அளக்க அவர்களுக்கு அட்டவணை வேண்டியிருந்தது. ஒன்றைத் தந்தால் ஒன்று கிடைக்க வேண்டும், அவ்வளவே. ‘இந்த அட்டவணைகள் அனைத்துக்கும் பொதுவான தன்மை என்ன?’ என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை.

தேவை எழுந்தது, இயக்கத்தை ஆராயத் தொடங்கியபோது. விழும் பொருள் கடக்கும் தூரம், காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று 1638-இல் வெளிவந்த தம் நூலில் நிலைநாட்டினார் கலிலியோ. அதற்கு ஓராண்டு முன்பு, 1637-இல், வளைவரையைச் சமன்பாட்டாலும் சமன்பாட்டை வளைவரையாலும் காணும் வழியைத் திறந்தார் டேக்கார்ட். ஒன்று மாற மற்றொன்று மாறும் உறவு, இப்போது அட்டவணையில் உறங்கும் எண்ணாக இல்லை. ஓடியது, விழுந்தது, வளைந்தது. அதற்கு ஒரு பெயர் வேண்டியதாயிற்று.

பெயரிட்டவர் லைப்னிட்ஸ். 1673-இல் எழுதிய கையெழுத்துப் படியில், ‘செயற்படுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கையாண்டார். ஆங்கிலத்தில் ‘ஃபங்ஷன்’ என வழங்குவது அதன் வழிவந்ததே. ஆனால், அவர் குறித்தது வளைவரையின் ஒரு புள்ளியைச் சார்ந்து அமையும் தொடுகோடு முதலிய கோடுகளை. இன்று நாம் குறிக்கும் பொருளை அன்று.

வரையறை வந்தது 1718-இல். மாறும் அளவையும் மாறா எண்களையும் கொண்டு எவ்வகையிலேனும் ஆக்கப்பட்ட அளவே சார்பு என்றார் யோகான் பெர்னூலி. அவருடைய மாணவர், கணித உலகின் மாபெரும் உழைப்பாளி, ஆய்லர். எஃப் என்ற எழுத்தை இட்டு, மாறியை அடைப்புக்குள் வைத்துச் சார்பைக் குறிக்கும் வழக்கத்தை 1734-இல் கையாண்டவர் அவரே. 1748-இல் வெளிவந்த அவருடைய பெருநூல், கணிதப் பகுப்பாய்வின் நடுப்பொருளே சார்புதான் என்று அறிவித்தது. சார்பு எது? மாறியையும் எண்களையும் கொண்டு அமைந்த கணிதக் கோவை என்றார் ஆய்லர். கோவை என்றால்? வாய்பாடுதான்!

ஆக, “வாய்பாடு எங்கே?” என்று நாம் அதட்டினோமே, அது 1748-ஆம் ஆண்டின் குரல். வகுப்பறையில் நின்றவர் நாம். நம் வாயிலிருந்து பேசியது பதினெட்டாம் நூற்றாண்டு.

அம்மட்டோ! ஆய்லரின் அந்நூல் வேறு இரண்டு செய்திகளையும் நமக்குக் காட்டுகிறது. எக்ஸ் எதுவாயினும் ஒரே மதிப்பைத் தரும் கோவையை, ‘சார்பு போலத் தோன்றுவது, சார்பன்று’ என ஒதுக்கினார் அவர். இன்றோ அதை ‘மாறிலிச் சார்பு’ என்று பெயரிட்டுப் பாடநூலில் அமர்த்தியிருக்கிறோம். ஓர் எக்ஸுக்கு இரண்டு, மூன்று மதிப்புகள் தரும் உறவைப் ‘பல்மதிப்புச் சார்பு’ என்று ஏற்றார் அவர். இன்றோ அதைச் சார்பென்றே ஒப்புவதில்லை. அவர் தள்ளியதை நாம் ஏற்றோம். அவர் ஏற்றதை நாம் தள்ளினோம். வரையறைகள் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒரு நாண், மூவர் வழக்கு

வாய்பாட்டின் ஆட்சியை முதலில் அசைத்தது ஒரு நாண். இரு முனையும் இறுகக் கட்டிய, இசைக்கருவியின் சாதாரண நாண்.

நாண் அதிரும்போது அதன் வடிவம் எப்படி மாறுகிறது? 1747-இல் அதற்கான சமன்பாட்டுக்குத் தீர்வு கண்டார் பிரெஞ்சு அறிஞர் தாலம்பேர். தொடக்கத்தில் நாண் எந்த வடிவில் இருந்ததோ, அந்த வடிவைக் குறிக்கும் சார்பு தெரிந்தால் போதும். பின்னர் நடப்பதெல்லாம் தெரியும். ஆனால், அந்தத் தொடக்க வடிவம் முனை முதல் முனை வரை ஒரே வாய்பாட்டால் எழுதத்தக்கதாக இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார்.

ஆய்லர் மறுத்தார். நாணின் நடுவை விரலால் இழுத்துப் பிடித்தால் என்ன வடிவம்? இரண்டு நேர்கோடுகள், நடுவே ஒரு முனை. இடப்பக்கத்துக்கு ஒரு வாய்பாடு, வலப்பக்கத்துக்கு வேறொரு வாய்பாடு. தாலம்பேரின் வரம்புப்படி இது சார்பன்று; ஆகவே கணிதம் இதைத் தீண்டக் கூடாது. ஆனால், விரலை விட்டவுடன் நாண் அதிரத்தானே செய்கிறது? ‘என் வடிவத்துக்கு ஒற்றை வாய்பாடு இல்லையே’ என்று அது அசையாமல் நிற்கிறதா? இயற்கை கேட்காத அனுமதிச் சீட்டைக் கணிதம் ஏன் கேட்க வேண்டும்? கையால் இழுத்த எந்த வளைவரையும் தொடக்க வடிவமாகலாம் என்றார் ஆய்லர்.

வேலியைக் கட்டியவரே வேலியைத் தாண்டினார்! 1755-இல் வெளியிட்ட மற்றொரு நூலில், வரையறையையே விரித்தெழுதினார்: ஓர் அளவு மாறும்போது மற்றோர் அளவும் மாறுமாறு அதனைச் சார்ந்திருந்தால், அது சார்பு. வாய்பாடு என்ற சொல் அங்கே இல்லை. ஒன்றை ஒன்று சார்வது என்னும் கருத்தே முன்நிற்கிறது. நம் தமிழ்ச்சொல் ‘சார்பு’ உணர்த்துவதும் அதையே. ஏழாண்டுகளுக்கு முன் தாம் எழுதியதை விட்டு விலக, அத்துணைப் பெரிய மேதை தயங்கவில்லை. நேற்றுச் சொன்னதை இன்று திருத்த, நாமோ ஒரு வகுப்பின் முன் நிற்கவே நாணுகிறோம்.

மூன்றாமவர் டேனியல் பெர்னூலி. யோகான் பெர்னூலியின் மகன். நாணின் எந்த வடிவமும், எளிய சைன் அலைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே என்றார், 1753-இல். இசையைக் கேட்ட காதும் அதைத்தான் சொன்னது. ஒரு நாணில் பல சுரங்கள் கலந்தொலிக்கின்றனவே! ஆனால் தாலம்பேரும் ஏற்கவில்லை, ஆய்லரும் ஏற்கவில்லை. வழுவழுப்பான அலைகளைக் கூட்டினால் கூர்முனை எப்படி வரும் என்பது அவர்கள் ஐயம். வழக்கு முடியவில்லை; வாதிட்டவர்கள் முடிந்தனர். தாலம்பேரும் ஆய்லரும் 1783-இல் மறைந்தனர். டேனியல் பெர்னூலி அதற்கு முந்திய ஆண்டே மறைந்தார்.

தையற்காரர் மகன் மூட்டிய தீ

வழக்கை மீண்டும் எடுத்தவர் ஃபூரியே. பிரான்சின் ஓசேர் நகரில் 1768-இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். புரட்சிக் காலத்தில், 1794-இல், சிறைப்பட்டார். ரோபெஸ்பியர் வீழ்ந்தபின் வெளிவந்தார். பின்னர் கிரெனோபிள் நகரிலிருந்து மாவட்ட ஆட்சி நடத்திக்கொண்டே, உலோகத்தில் வெப்பம் பரவுவது எப்படி என்று ஆராய்ந்தார். 1807 டிசம்பரில் தம் ஆய்வைப் பாரிசின் அறிவியல் அவை முன் வைத்தார்.

அவர் செய்தது என்ன? கோசைன் அலைகளை — ஒன்று, மூன்றிலொன்று, ஐந்திலொன்று எனக் குறைந்துவரும் அளவில் — மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் முடிவின்றி அடுக்கினார். கிடைத்தது அலையா? அன்று! சிறிது தொலைவு சமதளம், திடீரென ஒரு பள்ளம், மீண்டும் சமதளம், மீண்டும் ஒரு மேடு. படிக்கட்டு போன்ற வடிவம்! எந்தச் சார்பையும் இவ்வாறு அலைகளின் தொடராக எழுதலாம் என்று முழங்கினார் ஃபூரியே.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘ஒரே வாய்பாடு உடையது முறையான சார்பு, துண்டு துண்டாக ஒட்டியது முறையற்றது’ என்பதன்றோ பழைய சாதிப் பிரிவு? இங்கே துண்டு துண்டான படிக்கட்டுக்கே ஒற்றை வாய்பாடு கிடைத்துவிட்டது. முறையானது எது, முறையற்றது எது? பிரித்து வைத்த கோடே அழிந்து போயிற்று.

ஆய்வைத் தீர்க்க அமர்ந்தவர்கள் லாக்ராஞ்சி, லாப்லாஸ், மோஞ்சு, லாக்ருவா என்னும் நால்வர். லாக்ராஞ்சி இளமையில் நாண் வழக்கிலேயே வாதிட்டவர். இப்போது எழுபதைக் கடந்த பெரியவர். அவர் ஒப்பவில்லை. ஆய்வு அச்சேறவில்லை. 1811-ஆம் ஆண்டுப் போட்டிக்கு மீண்டும் எழுதினார் ஃபூரியே. பரிசு தந்தனர், கூடவே, பொதுமையிலும் உறுதிப்பாட்டிலும் குறை உண்டென்று குறிப்பும் தந்தனர். அப்போதும் அச்சேறவில்லை. 1822-இல், வெப்பத்தின் பகுப்பாய்வுக் கோட்பாடு பற்றிய தம் நூலைத் தாமே வெளியிட்ட பிறகுதான், உலகம் அதைப் படித்தது.

நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். எதிர்த்தவர்கள் மூடர்களும் அல்லர். ஃபூரியே சொன்னதனைத்தும் சரியும் அன்று. ‘எந்தச் சார்பையும்’ என்று அவர் சொன்னது மிகை. ஒரு புள்ளியில் அலைத்தொடர் கூடிவர மறுக்கும் தொடர்ச்சியான சார்பு உண்டென்று, 1873-இல் துபுவா-ரேமோன் காட்டினார். ஆனால், ஃபூரியே எழுப்பிய கேள்வி அவர் தந்த விடையைவிடப் பெரிது. எந்தச் சார்பு அலைகளாகும், எது ஆகாது என்று அறிய வேண்டுமானால், முதலில் சார்பு என்றால் என்ன என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

ஒரே ஒரு நிபந்தனை

அந்தக் கேள்விக்கு நேர்நின்று விடை சொன்னவர் டிரிஷ்லே. செருமானிய நாட்டு அஞ்சலகத் தலைவரின் மகன். 1822-இல் பாரிசுக்கு வந்து, ஃபூரியேயின் வட்டத்தில் பழகியவர். எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் அலைத்தொடர் சரியாகக் கூடிவரும் என்று 1829-இல் மெய்ப்பித்தார். அந்தக் கட்டுரையின் இறுதியில் ஒரு விந்தைச் சார்பையும் எடுத்துக் காட்டினார்: எக்ஸ் விகிதமுறு எண்ணானால் ஒரு குறிப்பிட்ட மதிப்பு, விகிதமுறா எண்ணானால் வேறொரு மதிப்பு. அவ்வளவே!

வரைந்து பாருங்கள், முடியாது. எவ்வளவு நெருங்கிய இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், அவற்றுக்கிடையே இருவகை எண்களும் எண்ணற்று நெருங்கிக் கிடக்கின்றன. எழுதுகோல் எங்கே மேலேறும், எங்கே கீழிறங்கும்? ஆனால், எந்த எக்ஸைக் கேட்டாலும் விடை உண்டு. அதுவும் ஒரே விடை.

1837-இல் தம் கருத்தைத் தெளிவாக எழுதினார் டிரிஷ்லே. ஒவ்வோர் எக்ஸுக்கும் ஒரே ஓர் ஒய் உரியதாக வேண்டும். அந்த உறவு முழு நெடுகிலும் ஒரே விதிப்படி நடக்க வேண்டியதில்லை. கணிதச் செயல்களால் சொல்லத்தக்கதாகவும் இருக்க வேண்டியதில்லை. தொடர்ச்சியான சார்புகளைப் பற்றியே அவர் அங்கே பேசினார். பின்வந்தவர்கள் அதை எல்லாச் சார்புக்கும் பொதுவாக்கினர். ரஷ்யாவின் கசான் நகரில் லொபசெவ்ஸ்கியும் 1834-இல் இதையொத்த கருத்தை எழுதியிருந்தார்.

வாய்பாடு அரியணையிலிருந்து இறங்கியது. அழிந்துவிடவில்லை, சார்பைச் சொல்லும் வழிகளுள் ஒன்றாக, அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் பக்கத்தில், சமமாக அமர்ந்தது.

அப்படியானால் ‘ஒரே ஒரு’ மதிப்பு என்ற நிபந்தனை மட்டும் ஏன்? அது தேவையிலிருந்து வந்தது. ஒன்பதின் வர்க்கமூலம் எது என்றால், கூட்டல் மூன்றும் உண்டு, கழித்தல் மூன்றும் உண்டு. ஒருவர் ஒன்றை எடுக்க, மற்றொருவர் மற்றொன்றை எடுத்தால், அடுத்த வரியில் இருவர் கணக்கும் இரு திசையில் போகும். ஒரு சார்பின் விடையை மற்றொரு சார்புக்குள் செலுத்தும் வேலை, முதல் விடையே இரண்டாக நின்றால் நடவாது. ஆகவேதான் வட்டம் முழுவதும் சேர்ந்து சார்பாகாது. குத்துக்கோடு ஒன்று வரைந்தால் வட்டத்தை அது இரண்டிடத்தில் வெட்டுகிறது. ஓர் எக்ஸ், இரண்டு ஒய். மேல் அரைவட்டத்தை மட்டும் எடுங்கள், சார்பாகிவிடும்.

பள்ளி ஆசிரியரும் பேய்ச் சார்பும்

கதவு திறந்தது, உள்ளே வந்தன, அதுவரை காணாத உருவங்கள். அறுபடாமல் ஓடும் வளைவரைக்கு, ஒருசில கூர்முனைகள் தவிர, எங்கும் தொடுகோடு உண்டு என்றுதான் கணிதவாணர்கள் நம்பினர். 1872-இல், பெர்லின் அறிவியல் அவையில் எழுந்து, அந்த நம்பிக்கையைத் தகர்த்தார் வயர்ஸ்ட்ராஸ். அவர் காட்டிய சார்பு எங்கும் அறுபடுவதில்லை. ஆனால், ஒரு புள்ளியில்கூட அதற்குத் தொடுகோடு இல்லை. எங்கு தொட்டாலும் முனை, முனைக்குள் முனை, அதற்குள்ளும் முனை.

இந்த வயர்ஸ்ட்ராஸ் யார் தெரியுமா? ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர். கணிதம் மட்டுமன்று, நிலநூலும் வரலாறும் கையெழுத்துப் பயிற்சியும் உடற்பயிற்சியும்கூடக் கற்பித்தவர். தாம் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1854-இல் வெளிவந்தபோதுதான், கல்வியுலகம் திரும்பிப் பார்த்தது. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் சிறப்பு முனைவர் பட்டம் தந்தது. பின்னாளில் பெர்லினில் அவர் பேராசிரியராக இருந்தபோது, 1870-இல், சோஃபியா கோவலெவ்ஸ்கயா என்னும் ரஷ்யப் பெண் கற்க வந்தார். பெண்ணுக்கு விரிவுரை மண்டபத்தில் இடமில்லை என்றது பல்கலைக்கழகம். தனியே அமர்த்தி நான்காண்டுகள் கற்பித்தார் வயர்ஸ்ட்ராஸ். 1874-இல் முனைவரானார் அப்பெண்; பின்னர் சுடாக்கோமில் பேராசிரியரும் ஆனார். நம் வகுப்பில் எழுந்து நின்ற சிறுமியை நினைத்துக்கொண்டோம். எழுந்தவளை அமர்த்துவது எளிது. கதவடைத்த மண்டபத்துக்கு வெளியே அவளுக்காக ஒரு பலகை போடுவதன்றோ ஆசிரியத் தொழில்!

மற்றொரு செய்தி நெஞ்சை உறுத்துவது. இத்தகைய சார்பொன்றை வயர்ஸ்ட்ராசுக்கு ஏறத்தாழ நாற்பதாண்டு முன்பே அமைத்துவிட்டார், பிராகு நகரத்துப் போல்சானோ. ஆனால், தம் கருத்துகளுக்காக 1819-இல் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். அந்தக் கையெழுத்துப் படி கிடந்தது, கிடந்தது, 1930-இல்தான் அச்சேறியது. ஒருவர் வாயை அடைத்தால் இழப்பு அவருக்கு மட்டுமா? ஒரு நூற்றாண்டின் மாணவர்களுக்கன்றோ!

தொடுகோடற்ற சார்புகளைக் கண்டு அருவருத்தார் எர்மித் என்னும் பெரும் கணிதவாணர். 1893-இல் நண்பருக்கு எழுதிய மடலில், அவற்றை ஒரு கொள்ளைநோய் போலக் கருதி முகம் திருப்பினார். ஆனால், ‘பேய்’ என்று விரட்டியவை பின்னர் வேலைக்கு வந்தன. நீரில் மிதக்கும் நுண்துகள் அலைக்கழிவதைக் கணிதமாக்கினார் நார்பர்ட் வீனர், 1920-களில். அக்கணிதத்தில் துகளின் பாதை எங்கும் அறுபடாதது, எங்கும் தொடுகோடற்றது. பேயென்று நினைத்தது, நீர்த்துளிக்குள் ஆடிக்கொண்டிருந்தது!

எண்ணை விட்டும் விடுதலை

வாய்பாடு போயிற்று; வளைவரையும் போயிற்று; எஞ்சியது எண். அதுவும் இன்றியமையாததன்று என்று காட்டினார் டெடகிண்ட். 1888-இல் வெளியிட்ட சிறுநூலில், ஒரு தொகுதியின் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பொருள் ஒன்றைக் குறிக்கும் விதியைப் பற்றிப் பேசினார். பொருள் எண்ணாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. 1914-இல் ஹவுஸ்டார்ஃப், சார்பை வரிசைச் சோடிகளின் கணமாகவே எழுதினார். 1939-இல், புர்பாக்கி என்னும் புனைபெயரில் எழுதிய பிரெஞ்சுக் குழு, அதைத் தன் நூல்வரிசையின் அடித்தளமாக்கியது. நம் பாடநூல் வரையறை இந்த வழியில் வந்ததே.

ஆகவே, குழந்தைக்கு அதைப் பெற்ற தாயைக் குறிக்கும் உறவு சார்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றவள் ஒருத்தியே. பல குழந்தைகளுக்குத் தாய் ஒருத்தி என்பது குற்றமன்று. திருப்பிப் போடுங்கள்: தாய்க்கு அவள் பெற்ற குழந்தையைக் குறிக்கும் உறவு சார்பன்று, இரண்டு பெற்றவள் எந்தக் குழந்தையைக் காட்டுவாள்?

இறுதியாக ஒரு வியப்பு. வாய்பாடு என்பது எழுத்துகளின் ஒரு வரி. எழுத்துகளோ சில, வரியோ முடிவுடையது. எனவே, வாய்பாடுகள் அனைத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்திவிடலாம். ஆனால், ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை தரும் சார்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அவற்றை எந்த வரிசையிலும் அடக்க முடியாது என்று 1891-இல் மெய்ப்பித்தார் காண்டர். எப்படி? நீங்கள் ஒரு வரிசை கொண்டுவாருங்கள். முதல் சார்பிலிருந்து முதலிடத்தில் மாறுபட்டும், இரண்டாம் சார்பிலிருந்து இரண்டாமிடத்தில் மாறுபட்டும், இப்படியே தொடர்ந்து ஒரு புதிய சார்பை அமைத்துவிடலாம். அது உங்கள் வரிசையில் எதனோடும் ஒத்துப்போகாது. விளைவு என்ன? வாய்பாட்டால் எழுதத்தக்க சார்புகள் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணல். எழுத முடியாதவையே கடல். “வாய்பாடு எங்கே?” என்று கேட்டு நாம் துரத்தியது, சார்புகளில் மிகப் பெரும்பான்மையை!

குறிப்பேட்டைத் திறந்தோம்

மறுநாள் வகுப்புக்குச் சென்றோம். “நேற்று நாம் சொன்னது தவறு, உங்கள் தோழி கேட்டது சரி” என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியர் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலும். நாமும் சொல்லிப் பழகியதில்லை.

குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னோம். அனைவரும் சேர்ந்து அதை ஆராய்ந்தோம். பல நாள்களின் பக்கத்தில் சுழியம் இருந்தது. “இத்தனை நாளுக்கும் ஒரே விடை, சார்பு கெட்டுவிடாதா?” என்றான் ஒருவன். “தாய்க்குப் பல குழந்தைகள் இருக்கலாமே” என்றாள் மற்றொருத்தி. சரி என்றோம்.

ஒரு பக்கத்தில் ஒரே நாளுக்கு இரண்டு அளவுகள் இருந்தன. மாடியில் ஒரு பாத்திரம், முற்றத்தில் ஒரு பாத்திரம் வைத்தாளாம். “இந்த நாளால் சார்பு கெடுகிறது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்” என்று அவளே சொன்னாள். மாடியை வைத்துக்கொண்டு முற்றத்தை அடித்தாள்.

பிறகு, இரண்டு நாள்களில் ஒன்றுமே எழுதப்படவில்லை. ஊருக்குப் போயிருந்தாளாம். வகுப்பு குழம்பியது. “சுழியம் என்று எழுதிவிடலாம்” என்றனர் சிலர். நாமும் ஒருகணம் இசையவே இருந்தோம். அவள் தலையசைத்து மறுத்தாள். “மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது, ஐயா. தெரியாததைச் சுழியம் என்று எழுதினால் அது பொய். அந்த இரண்டு நாள்களையும் சார்பகத்திலிருந்து எடுத்துவிடலாம்.”

வாய்பாடு இல்லாத சார்புக்காக வழக்காடிய மேதைகளின் வரலாற்றை இரவெல்லாம் படித்தவர்கள் நாம். எது தெரியும், எது தெரியாது என்று எல்லை வகுப்பதே சார்பகம் என்பதை நமக்குக் கற்பித்தவளோ, பத்தாம் வகுப்பு மாணவி.

கணித ஆசிரியர் விடுப்பு முடிந்து வந்துவிட்டார். நாம் நம் வரலாற்றுக்குத் திரும்பிவிட்டோம். ஆனால், வகுப்பில் யாரேனும் எழுந்தால், ‘உட்கார்’ என்ற சொல் இப்போது நம் நாவில் சற்றுத் தயங்கி நிற்கிறது. தயங்கட்டும்!